பச்சை லேபிளின் இரண்டாம் பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பார்சல் முந்தாநாள் வந்தது. இரண்டு சிங்கிள் ரெக்கார்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. நீ கட்டுவது பார்சல் இல்லை, மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவள் கை வேறு எப்படி இருக்கும்! அதைப் பிரிக்கப் போய் அத்தையின் கத்தரிக்கோல் முனை உடைந்துவிட்டது. திட்டு எனக்கு.

நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மழையை ரேடியோவுக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. உனக்கு இந்த மாதமும் ராத்திரி டியூட்டியா? என் பேத்தி வாண்டுவுக்கு இருமல் நின்றதா?

இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். போனை எடுத்தால் எனக்கு "சரி, வச்சிடறேன்" என்பதைத் தவிர ஒன்றும் வராது. அது அத்தையின் சாமான். நமக்கு அட்டைப்பெட்டியும் கடிதமும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ்களை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர், 'ஊசி' என்று கூப்பிடுவோமே, அவர் போன வாரம் வந்திருந்தார். உன் ஊரில், ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு டயர் கடை இருக்கிறதாம். அந்தக் கடைக்காரரிடம் பச்சை லேபிள் ரெக்கார்டு இருக்கிறதாம். ஆமாம், நாம் தேடுகிற அதே பச்சை லேபிள்தான். மரச்சாமான் கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் பதிவு செய்து, சில நூறு தட்டு அச்சடித்து, அதுவும் விற்காமல் மூடிப்போன கம்பெனி. முதல் பக்கம் ஆட்டம் போடுகிற பாட்டு. இரண்டாம் பக்கத்தில்தான் அந்த மெதுவான பாட்டு. ஊசி வாலிப வயதில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். "அதுக்கப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் சண்டை போடத் தோணல" என்கிறார். ஊசியே சண்டை போடவில்லை என்றால் பார்த்துக்கொள்.

போய்ப் பார். விலை பேசாதே, முதலில் கேள்.

டீப் சோல் என்கிற மெதுவான, உருக்கமான பாட்டுத் தட்டுகளைத் தேடுகிற பைத்தியங்கள் எண்ணிக்கையில் குறைவு. அதில் இரண்டு பேர் பழைய சாமான் சந்தையில் ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றோமே, நினைவிருக்கிறதா? கடைசியில் நான் தட்டை விட்டுக்கொடுத்துவிட்டு என் பையனுக்கு உன்னைக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வியாபாரம் அது ஒன்றுதான். அவனோ நம் பாட்டு தொடங்கினால் இரண்டாவது வரிக்குள் தூங்கிவிடுவான். இந்த மாதத்தோடு அவன் போய் மூன்று வருஷம். இப்போது வீட்டில் பாட்டு போட்டால் தூங்க ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வாண்டுவுக்கு என் முத்தம்.

உன் மாமா


பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

வாண்டுவின் இருமல் போய்விட்டது. எனக்கு இப்போது பகல் டியூட்டி. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை கொடுப்பதாக அத்தையிடம் சொல்கிறீர்களா?

டயர் கடைக்குப் போனேன். பாலத்துக்கு அடியில் இருட்டாக நீண்டு போகிற கடை. இரண்டு பக்கமும் கூரை வரை டயர். உள்ளே ஒருவர் குனிந்து சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சைஸ்?" என்றார், தலையைத் தூக்காமலே.

"ஏழு அங்குலம்."

"அந்த சைஸ்ல டயர் கிடையாதே."

"டயர் இல்லைங்க. ரெக்கார்டு."

அப்போதுதான் நிமிர்ந்தார். கையைத் துணியில் துடைத்தார். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினார். "விக்கிறதுக்கு இல்ல. கேக்கறதுன்னா உக்காருங்க" என்றார்.

பின்னால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன ஆபீஸ். பிளேயர் அங்கேதான் இருக்கிறது. காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடினால் தரை அதிர்ந்து பிளேயர் ஊசி எகிறுமாம். அதனால் வெளியே எட்டிப் பார்த்து, "கம்ப்ரஸரை நிறுத்துங்கப்பா!" என்று கத்தினார். வேலையாட்கள் நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். பஞ்சரான காரோடு நின்ற ஒருவர், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "ஒரு பாட்டு நேரம்" என்றார் டயர்க்காரர்.

மாமா, முதலில் ஆர்கன் மட்டும் வருகிறது, யாரோ பேசத் தயங்கித் தொண்டையைச் செருமுவது போல. பிறகு அந்தப் பெண். பிரார்த்தனைக் கூடத்தில் பாடிப் பழகிய குரல்தான், சந்தேகமில்லை. விட்டுப் போனவனைத் திரும்பி வா என்று அவள் கேட்கவே இல்லை. போகிற வழியில் குளிரும், மேல்சட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல் தீர்ந்து வெறும் குரலாக நிற்கிறாள். பின்னால் மூன்று பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். அதில் ஒரு குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் அரைத் தாளம் தள்ளி வருகிறது.

"நடுவுல வருதே, அது எங்கம்மா" என்றார் அவர். "எப்பவும் லேட்டு. பஸ்ஸுக்கு லேட்டு, கடைக்கு லேட்டு. ரெக்கார்டுலயும் லேட்டு."

அவர் அம்மா இப்போது இல்லை. அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தனக்கென்று குடும்பம் ஆகவில்லை போலிருக்கிறது. அவராகச் சொல்லவில்லை. ஆபீஸில் ஒரே ஒரு டீ கப் இருந்ததைப் பார்த்து நான் புரிந்துகொண்டது.

எலும்பு பார்க்கிற கண்ணோடு தட்டைப் பார்த்தேன். மெல்லிய கீறல்கள் உண்டு. முறிவு, வளைவு எதுவும் இல்லை. நோயாளி நலம்.

இந்த மூன்று வருஷத்தில் அழாமல் நான் முழுசாகக் கேட்ட முதல் மெதுவான பாட்டு இது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. எதிரில் அவர்தான் இருந்தார், அவருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 11

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஒத்தடம் உண்மையாகவே கொடுக்கிறேன்.

உன் கடிதத்தை அத்தைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பொறாமையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எவ்வளவு கெஞ்சினாலும் தர மாட்டாராமா?" என்று அத்தை கேட்டாள். "அவரோட அம்மா குரல். நீ தருவியா?" என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, "டயர் கடைக்குக் குழந்தையையுமா கூட்டிட்டுப் போனா? கை காலெல்லாம் கரி ஆயிருக்குமே" என்று அடுத்த கவலைக்குப் போய்விட்டாள்.

ஒரு உதவி செய். தட்டில் ஊசி ஓடுகிற பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் ஒரு வெற்று வளையம் இருக்குமே, அதில் கையால் கீறிய எண் இருக்கும். விளக்கில் சாய்த்துப் பார்த்து எழுதி அனுப்பு. அவர் அனுமதித்தால், இன்னொரு முறை எனக்காகவும் கேள்.

ஆபீஸில் ஒரே ஒரு கப் இருந்தது என்றால் உனக்கு டீ எதில் கொடுத்தார்?

உன் மாமா


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம்தானே? வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "தாத்தாகிட்ட சொல்லு, நான் இப்ப விசில் அடிப்பேன்னு" என்கிறாள். பல் இடைவெளியில் காற்றுதான் வருகிறது.

எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துகள் முன்னால், எண் பின்னால். கடைசி எண்ணை யாரோ அவசரத்தில் கீறியிருக்கிறார்கள். பதினான்கு என்றுதான் படிக்க முடிகிறது. டயர்க்காரரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும், கம்ப்ரஸர் ஓடாது, நிம்மதியாகக் கேட்கலாம் என்று அவர் சொன்னதால் ஞாயிறுகளில் போகிறோம். என் பெட்டியிலிருந்தும் சில சிங்கிள்களை எடுத்துப் போனேன். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே தட்டுதான். மற்றதெல்லாம் புதுசு. முதல் தடவை கேட்கிறவர் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பதில், நாமே முதல் தடவை கேட்கிற சந்தோஷம் இருக்கிறது மாமா.

வாண்டுவின் சைக்கிளுக்கு இரண்டு டியூபும் மாற்றிக் கொடுத்தார். காற்றை அவளையே அடிக்க விட்டார். அவளுக்குக் கரி ஆனது உண்மைதான். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

டீ பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் எனக்குக் கப்பில் கொடுத்துவிட்டு அவர் பிளாஸ்க் மூடியில் குடித்தார். இப்போது மூன்று கப் இருக்கின்றன.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 27

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் வாண்டுவுக்கு: விசில் கேட்டது. இங்கே வரைக்கும் கேட்டது.

இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. நீ எழுதி அனுப்பிய எண்ணைப் பார்த்ததும் எனக்கு எங்கோ உறுத்தியது. அந்த முன்னெழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற மூன்று பெட்டியையும் இழுத்துப் போட்டுத் தரையில் படுத்துத் தேடினேன். அத்தை நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கத்தி, எதிர் வீட்டம்மா ஓடிவந்து, பெரிய கலாட்டா. கிடைத்தது. வேறு கம்பெனி, வேறு பாடகர், சிவப்பு லேபிள். ஆனால் வளையத்தில் அதே கையெழுத்து, அதே முன்னெழுத்துகள், எண் பதினைந்து. அதே அறையில், ஒருவேளை அதே நாளில், அடுத்ததாகப் பதிவான பாட்டு. அந்தச் சின்னக் கம்பெனிகள் அறையையும் ஆட்களையும் மணிக்கணக்கில் பங்கு போட்டுக்கொள்ளும். பாடகர் போவார், அடுத்தவர் வருவார். ஆர்கனும் டிரம்ஸும் பின்னால் பாடும் பெண்களும் அப்படியே நிற்பார்கள்.

போட்டுக் கேட்டேன். பின்னால் மூன்று பெண்கள். நடுக்குரல் அரைத் தாளம் தாமதம்.

இன்னும் இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் பாடகர் நிறுத்திவிடுகிறார். அந்த நடுக்குரல் ஒரு வரியைத் தனியாகப் பாடுகிறது. ஒரே வரி. கூடப் பாட யாரும் இல்லாதபோது தாமதம் என்று எதைச் சொல்வது? அவ்வளவு அழகாக, தன் நேரத்துக்கு வருகிறது. இத்தனை வருஷம் இந்தத் தட்டு என்னிடம் சும்மா கிடந்திருக்கிறது. யார் என்று தெரியாமலே அந்த வரிக்காக நான் இதை வைத்திருந்தேன்.

தட்டை இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடு. விலை, பதில் தட்டு எதுவும் வேண்டாம். அவர் அம்மா அவரிடம் இருக்கட்டும்.

ஒரு சோல் சிங்கிள் மூன்று நிமிஷம்கூட வராது. அதைக் கேட்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று அத்தை கேட்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா


ஜூன் 1

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் கடிதத்தைப் பல நாள் தொடங்கித் தொடங்கி நிறுத்தினேன்.

நீங்கள் அனுப்பியதை அவரிடம் கொடுத்தேன். என்ன ஏது என்று சொல்லாமல் போடச் சொன்னேன். பாதிப் பாட்டு வரை தலையாட்டிக்கொண்டு கேட்டார். பின்குரல்கள் வந்ததும் என்னைப் பார்த்தார். அந்தத் தனி வரி வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பெரியவர்கள் அறைக்குள் வந்தால் எழுவோமே, அப்படி. பாட்டு முடிந்து ஊசி வளையத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. எடுக்கத் தோன்றாமல் நின்றார்.

"அம்மா தனியா பாடி நான் கேட்டதே இல்ல" என்றார். "வீட்டுல பாட மாட்டாங்க. கேட்டா, நான் பின்னாடி நிக்கிறவ தானேன்னு சொல்வாங்க."

வாண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடலாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு எத்தனை வாட்டி போட்டோம் என்று கேட்காதீர்கள்.

பிறகு உங்களுக்காக ஒன்று செய்தார். பச்சை லேபிளை எடுத்து உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். "அவர் கேக்கட்டும். வேணுங்கற வரைக்கும் வச்சிருக்கட்டும்" என்றார். கடையை விட்டு அது வெளியே போவது இதுதான் முதல் தடவை. பார்சலை நானும் அவரும் சேர்ந்து கட்டினோம். புதுக் கத்தரிக்கோலும் உள்ளே இருக்கிறது, அத்தைக்கு.

இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. பிறகு எழுதுகிறேன். கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 2

மருமகளுக்கு,

நலம். தட்டைக் கேட்டேன். பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொடுத்தவருக்கு என் நன்றியைச் சொல். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். அத்தைக்கு உடம்பு சுமார்தான், கவலைப்படும்படி இல்லை.

மாமா


செப்டம்பர் 10

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

அத்தைக்கு உடம்புக்கு என்ன? போன் செய்தால் "ஒண்ணுமில்ல, குழந்தையக் கூப்பிடு" என்கிறார். என்னிடம் பேசுவதில்லை.

மூன்று மாதம் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வந்ததும் மூன்று வரி. உங்கள் கடிதத்தில் கிண்டல் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. வாண்டுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஜூன் மாதமே அத்தையிடம் போனில் கேட்டிருக்கிறாள்: "பாட்டி, டயர் மாமா நம்ம வீட்டுக்கே வந்துருவாரா?"

நான் சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு லேபிளைக் கேட்ட அன்று, நாங்கள் கிளம்பும்போது அவர் கேட்டார். "நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் வராம, எல்லா நாளும் இருக்க முடியுமா?" என்றுதான் கேட்டார். யோசிக்க வேண்டும் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, எனக்கு மனம் இருந்தது. உங்களுக்கு எப்படி எழுதுவது என்பதற்குத்தான் அவகாசம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்து, கம்ப்ரஸரைப் பற்றி எழுதிவிட்டு மூடிவிட்டேன்.

நேற்று அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பச்சை லேபிள் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. உங்கள் பையனோடு எனக்கு ஒரு வீடு கிடைத்தது. அவர் போன பிறகும் அந்த வீடு போகவில்லை. நீங்கள் இருவரும் என்னை ஒரு நாளும் வெளி ஆள் போல நடத்தவில்லை. அந்த நன்றி எனக்கு எந்த ஆசையையும்விடப் பெரிது. இதை இத்தோடு விட்டுவிடுவோம். பழையபடி எழுதுங்கள் மாமா. உங்கள் கிண்டல் இல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வீட்டு மருமகள்


செப்டம்பர் 17

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.

"ஏம்மா, நீ பாட்டுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டியா? யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னே? உடம்புக்கு ஒண்ணுமில்ல எனக்கு. மனசுதான் சரியில்லாம இருந்துச்சு. குழந்தை அப்படிக் கேட்டதும் போனை வச்சுட்டேன். அழுதேன். என் புள்ள இருந்த இடத்துல இன்னொருத்தரான்னு அழுதேன். பொய் சொல்ல மாட்டேன். இவர் உனக்கு எழுத உக்காருவாரு, நான் போய்ப் பேனாவைப் பிடுங்கிடுவேன். (இது உண்மை. மூன்று பேனா. — மாமா) நடுவுல என்ன எழுதறீங்க? சொன்னதை மட்டும் எழுதுங்க.

அப்புறம் ஒருநாள் துணி மடிச்சுட்டு இருக்கும்போது நினைச்சேன். நீ நான் பெத்த பொண்ணா இருந்து, இந்த வயசுல சின்னக் குழந்தையோட தனியா நின்னா, மூணு வருஷம் சும்மா பாத்துட்டு இருந்திருப்பேனா? முதல் வருஷமே நானே ஆள் தேடியிருப்பேன். பொண்ணு பொண்ணுன்னு வாயால சொன்னேனே தவிர, எனக்கு அது தோணவே இல்லையே. அதுக்கு இன்னொரு தடவை அழுதேன். அதனாலதான் உன்கிட்ட பேசல, கோவத்துல இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறதுன்னு.

ஆனா உன்மேலயும் கோவம் இருக்கு. கடுதாசி முழுக்க டயரு, கம்ப்ரஸரு, டீ கப்பு. சொல்ல வேண்டியத மட்டும் சொல்லல. எங்களப் பாத்துப் பயந்தியா? உன் மாமாவப் பாத்து எந்த எலியாவது பயந்திருக்கா?

நன்றியாம் நன்றி. அதுக்காக ஒருத்தி தனியா உக்காந்துருப்பாளா? நாளைக்கே போய் சொன்னதை வாபஸ் வாங்கு. அந்தப் புள்ள என்ன சாப்பிடுவாருன்னு கேட்டு எழுது. கூட்டிட்டு வா. அவ்வளவுதான். வைங்க, கையெழுத்து நான் போடறேன்."

இதற்குக் கீழே இருப்பது அவள் கையெழுத்து. இனி நான்.

எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். மூன்று கப் என்று நீ எழுதியபோதே தெரியும். தெரிந்துதான் சிவப்பு லேபிளை யோசிக்காமல் அனுப்பினேன். ஆனாலும் பச்சை லேபிளைப் போட்டுக் கேட்ட அன்றைக்கு எனக்கும் தாங்கவில்லை. மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போ என்று அவள் பாடுகிறாளே, அதை நான் என் பையனுக்குச் சொல்லவே இல்லையம்மா. அன்றுதான் சொன்னேன். அதற்கு இத்தனை நாள் ஆயிற்று. அவனை வழியனுப்பிவிட்டுத்தான் உனக்கு எழுத முடிந்தது.

நீ எங்களுக்கு நன்றி சொல்கிறாய். அவன் போன பிறகு மாதா மாதம் அட்டைப்பெட்டியில் தட்டும் கடிதமும் வைத்து அனுப்பினாயே. அது வராமல் இருந்திருந்தால் நான் ஜன்னல் ஓரத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். யார் யாருக்கு நன்றி சொல்வது?

உடனே எழுது. அத்தை தபால்காரரை வாசலிலேயே மடக்குகிறாள்.

உன் மாமா


அக்டோபர் 8

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி இருட்டறையில் படித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்பது வசதி. வெகு நேரம் எரிந்தது. வெளியே ஒரு கை முறிந்தவர் காத்திருந்தார், பாவம்.

அன்று மாலையே போனேன். அவர் ஒரு லாரிக்கு அடியில் இருந்தார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குச் சொன்னதை விட்டுடுங்க!" என்றேன்.

"எதை?" என்று கால் மட்டும் கேட்டது.

"வேண்டாம்னு சொன்னேனே, அதை!"

"கேக்கல!"

என் பலமெல்லாம் திரட்டி, "சரின்னு சொல்ல வந்திருக்கேன்!" என்று கத்தினேன். நான் வாயைத் திறந்த அதே நொடியில், நான் பாட்டு கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து வேலையாள் ஒருவர் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டார். பாலத்துக்கு அடியில் எதிரொலி வேறு. லாரி டிரைவர் இறங்கி வந்து எனக்குக் கை கொடுத்தார்.

அவர் வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். துடைத்ததில் கரி இன்னும் பரவியது. "உங்க மாமா? அத்தை?" என்றார்.

"நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு கேக்கறாங்க."

டயர் அடுக்கில் சாய்ந்துகொண்டார். "எல்லாம் சாப்பிடுவேன்னு எழுதுங்க" என்றார். பிறகு, "இல்ல, பயத்துல ஒண்ணும் இறங்காதுன்னு எழுதுங்க" என்றார்.

டிசம்பரில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதற்கு முன் நவம்பர் கடைசியில் மூவரும் உங்களிடம் வருகிறோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற உங்கள் பையன் படத்தைப் பற்றி நானே பேச்செடுத்தேன். "அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்றார். "வாண்டு அப்பாவைப் பாத்துட்டுத்தானே ஸ்கூலுக்குப் போறா."

ஒரே ஒரு குழப்பம். உங்கள் இருவரையும் என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது அத்தை.

உங்கள் மருமகள்


டிசம்பர் 1

அன்புள்ள மருமகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று வாண்டு போனில் சொன்னாள். வழியெல்லாம் விசிலாமே. கார் ஓட்டியவருக்கு என் அனுதாபம். நாங்கள் நலம். வீடுதான் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருக்கிறது.

உங்கள் வருகையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீயும் கூட இருந்தாய். இரண்டு நாளும் அவர் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்ததையும், அத்தை பரிமாறியதையெல்லாம் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கியதையும் நீயே பார்த்தாய். எங்களை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்துவிட்டார் பார்த்தாயா? "வந்து...", "இங்க...", "ஒரு நிமிஷம்..." என்றே ஓட்டிவிட்டார். அத்தையும் சளைத்தவள் இல்லை. அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் வாண்டுவிடம் சொல்லி அனுப்பினாள். என் பெட்டிகளைத் திறந்து காட்டியபோதுதான் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் ஓரத்தைப் பிடித்துத் தட்டை எடுக்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. டயர் தூக்குகிற கை அது.

நான் எழுதுவது நீ பார்க்காத ஒன்றை.

கிளம்பும்போது நீ வாண்டுவைக் கூட்டிக்கொண்டு முதலில் கீழே போய்விட்டாய். அவர் கடைசிப் பையை எடுக்க மேலே வந்தார். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டம்மா கதவைத் திறந்தார். இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் தும்மினாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும், உனக்குத் தெரியும். நம் பையனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் வேறு. பையோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அத்தையிடம், "யாரு இவரு?" என்றார்.

அவர் பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என்ன பதில் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உன் சிநேகிதர் என்பாளா, ரெக்கார்டு விஷயமாக வந்தவர் என்பாளா?

அத்தை சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க மாப்பிள்ளை" என்றாள். பிறகு டப்பாவை அவர் கையில் வைத்து, "நேரா பிடிங்க மாப்பிள்ளை, சாய்ச்சா வழியும்" என்றாள்.

"சரிங்க அத்தை" என்றார் அவர்.

லிப்ட் வந்தது. அவர் இறங்கிப் போனார். எதிர் வீட்டம்மா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார், அத்தை கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் சொன்னே" என்றேன்.

பிறகு இரண்டு பேரும் ஜன்னலுக்குப் போய், உங்கள் கார் திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம். உனக்கும் வாண்டுவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு.

உன் மாமா